கரைக்குக் கீழே யார் தூங்குகிறார்கள்? சிறு மண் அணையின் ஆபத்து வகுப்பைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு. நடுவே ஓடும் பள்ளத்தை, அதாவது சிற்றோடையை, மறித்து மண்கரை போட்டு, ஆறு ஏக்கருக்குத் தண்ணீர் தேக்கியிருக்கிறார்கள். கிணறுகளுக்கு ஊறட்டும் என்று அப்பா காலத்தில் கட்டிய கரை. மகன் காலத்தில் அதே தண்ணீரில் நாலு பெடல் படகு, கரையடியில் ஆறு குடில், சனி ஞாயிறு என்றால் கோயம்புத்தூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்கள். கரை போடுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில் என்பதால் தோப்புக்காரரான அந்த மகன் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"கரை கெட்டியா இருக்குதுங்களா, அதை மட்டும் பாத்துச் சொல்லிருங்க" என்றார்.

"அதை அப்புறம் பாக்கலாமுங்க. முதல்ல பள்ளத்தோட கீழே ஒரு நடை போயிட்டு வரலாம் வாங்க" என்றேன்.

முக்கால் கிலோமீட்டர் நடந்திருப்போம். பள்ளத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சி மில், தேங்காய் நார் பிரிக்கிற ஆலை. அதன் பின்பக்கம் தகரக் கொட்டகைகள். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் அங்கே தங்கியிருந்தன. ஒரு கொட்டகையின் குறுக்குக் குழாயில் சேலைத் தொட்டில் கட்டியிருந்தது. உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கொட்டகைத் தரைக்கும் பள்ளத்து மணலுக்கும் இடையே என் இடுப்பளவு உயரம்தான் இருந்தது.

அந்த அணையின் வகுப்பு அங்கேயே முடிவாகிவிட்டது. கரையை நான் அதுவரை தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இதைத்தான் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆபத்து வகுப்பு என்பது கரை எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதற்கான மதிப்பெண் இல்லை. கரை உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பதற்கான கணக்கு. நேற்றுக் கட்டிய, எந்தக் குறையும் இல்லாத கரையாக இருக்கலாம். கீழே பத்துப் பேர் தூங்குகிறார்கள் என்றால் அது உயர் ஆபத்து வகுப்பு. பாதி கரைந்துபோன பழைய கரையாக இருக்கலாம். கீழே இரண்டு கிலோமீட்டருக்கு வெறும் மேய்ச்சல் காடு என்றால் குறைந்த ஆபத்து வகுப்பு. கரையின் நிலைமை தனி, ஆபத்து வகுப்பு தனி. இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் "எங்க கரை முப்பது வருஷமா நிக்குது" என்கிற பதில் எல்லா இடத்திலும் வருகிறது.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். நோட்டு, ஐம்பது மீட்டர் டேப், கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப், ஒரு கண்ணாடிப் பாட்டில், ஒரு வாளி, கையில் நல்ல கம்பு. இவை போதும்.

படி 1: எந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்று பாருங்கள்

நாட்டில் 2021-ன் அணைப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகள் எல்லாம் அதற்குள் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை, கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாமலோ, கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமலோ இருந்தால் வரும். பெருவெள்ள அளவு, அடித்தளச் சிக்கல், வழக்கத்துக்கு மாறான வடிவமைப்பு என்று வேறு சில நிபந்தனைகளும் உண்டு. அப்படி வருகிற அணைகளுக்கு மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அவசரகாலத் திட்டம் எல்லாம் கட்டாயம். பவானிசாகர், அமராவதி, ஆழியாறு போன்றவற்றுக்கு அதற்கென்று பொறியாளர்கள் இருக்கிறார்கள். பவானிசாகரின் கரை 8 கிலோமீட்டருக்கு மேல் நீளுகிறது. அதிலும் பெரும்பகுதி மண்தான். மண் என்பதாலேயே பயப்பட வேண்டியதில்லை.

நம்முடைய ஐந்தாறு மீட்டர் கரை இந்தச் சட்டத்தின் வலைக்குள் சிக்காது. அதனால் யாரும் வந்து பார்க்கப் போவதும் இல்லை. பார்க்க வேண்டிய ஒரே ஆள் நீங்கள்தான்.

சட்டத்துக்குள் வராது என்பதால் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. சொந்த நிலத்தில் தண்ணீர் தேக்கி அது உடைத்துக்கொண்டு போய் அடுத்தவரைக் கெடுத்தால் தேக்கியவர்தான் பொறுப்பு என்பது 1868-ல் இங்கிலாந்தில் ஒரு நீர்த்தேக்க வழக்கில் உறுதியான கொள்கை. அதையே பிடித்துக்கொண்டு மதராஸ் ரயில்வே கம்பெனி கார்வேட்நகர் ஜமீன்தார் மேல் வழக்குப் போட்டது. ஏரிகள் உடைந்து ரயில் பாதை சேதமாகியிருந்தது. 1874-ல் லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஜமீன்தாரை விடுவித்தது. ஏரிகளைப் பாதுகாப்பது ஊருக்காக அவர் மேல் விழுந்த கடமை, அவர் பக்கம் கவனக்குறைவும் இல்லை என்பது காரணம். படகு விடுவதற்காகத் தேக்கிய தண்ணீருக்கு அந்த நியாயத்தைச் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

அதோடு, புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) எடுத்துப் பள்ளம் பட்டாவில் இருக்கிறதா, ஓடைப் புறம்போக்கா என்று பார்த்துவிடுங்கள். புறம்போக்கு என்றால் அனுமதி இல்லாமல் மறிக்கவே கூடாது. மலையடிவாரக் கிராமங்கள் பலவற்றில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் வேண்டும்.

படி 2: உயரத்தையும் கொள்ளளவையும் அளந்து எழுதுங்கள்

கரையின் உயரம் என்பது தண்ணீரின் ஆழம் அல்ல. வெளிப்பக்கம், பள்ளம் இருந்த இடத்தில், கரையடியின் மிகத் தாழ்ந்த தரையிலிருந்து கரையின் மேல்மட்டம் வரை எடுக்க வேண்டும். டியூப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் படிப்படியாக இறங்கினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதே டியூப்பை வைத்துக் கரையின் மேல்மட்டத்தையும் பத்து மீட்டருக்கு ஓரிடமாகப் பாருங்கள். நடுவில்தான் மண் ஆழம் அதிகம், அங்கேதான் அதிகமாக அமுங்கும். தண்ணீர் கரை ஏறினால் முதலில் வழிவதும் அந்தத் தாழ்ந்த இடத்தில்தான்.

கொள்ளளவுக்குச் சுருக்கு வழி ஒன்று உண்டு. நிறைந்த நிலையில் நீர்ப்பரப்பு, அதைக் கரையோரத்து அதிக ஆழத்தால் பெருக்கி, அதில் பத்துக்கு நாலு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். உடுமலைக் கரையில் ஆறு ஏக்கர் என்பது சுமார் 24,000 சதுர மீட்டர். ஆழம் 5 மீட்டர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 48,000 கன மீட்டர் வருகிறது. நம் ஊர் வழக்கில் 17 லட்சம் கனஅடி. டிஎம்சி கணக்கில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததன் வேகத்தை அடுத்துப் பார்ப்போம்.

படி 3: உடைந்தால் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வேகம்

உடைந்த மண் அணைகளின் அளவுகளைத் திரட்டி, உடைப்பின் உச்ச நீர்வரத்துக்கு ஃப்ரோலிக் என்பவர் 1995-ல் ஒரு சூத்திரம் தந்தார். கொள்ளளவின் 0.295 அடுக்கு, நீர் ஆழத்தின் 1.24 அடுக்கு, இரண்டையும் பெருக்கி 0.607-ஆல் பெருக்க வேண்டும். கைபேசியில் இருக்கிற கால்குலேட்டரே போதும். நம் கரைக்கு வினாடிக்கு 107 கன மீட்டர் வருகிறது, அதாவது 3,800 கனஅடி.

ஈரோட்டுக்காரர்களுக்கு இதைச் சட்டென்று புரியவைக்க ஒரு வழி இருக்கிறது. கீழ்பவானி வாய்க்கால் முழு அளவில் போவது 2,300 கனஅடி. அந்த வாய்க்காலைப் போல ஒன்றரை மடங்கு தண்ணீர், இறங்கித் தாண்டிவிடக்கூடிய ஒரு பள்ளத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வருகிறது. ரொம்ப நேரம் வராது, பத்திருபது நிமிடத்தில் உச்சம் தாண்டிவிடும். ஆனால் தகரக் கொட்டகைக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. சரிவான பள்ளத்தில் வினாடிக்கு 3 மீட்டர் வேகம் சாதாரணம். ஒரு கிலோமீட்டரைத் தாண்ட ஆறு நிமிடம்கூட ஆகாது.

இது துல்லியக் கணக்கு இல்லை. பாதியாகவும் இருக்கலாம், இரண்டு மடங்காகவும் இருக்கலாம். வகுப்புப் பிரிப்பதற்கு இந்தத் துல்லியம் போதும்.

படி 4: பள்ளத்தோடு கீழே நடங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. தென்னை ஓலைக்குக் கீழே இருக்கிற குடிசை படத்தில் தெரியாது. தரை பள்ளத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் தெரியாது.

எதுவரை நடப்பது? பள்ளம் ஒரு பெரிய ஆற்றிலோ குளத்திலோ சேர்ந்து, நம் தண்ணீர் அங்கே ஒரு சாதாரண மழை வெள்ளத்துக்கு மேல் போகாது என்று தோன்றும் இடம் வரை. நம்மைப் போன்ற சின்னக் கரைக்கு மூன்று நாலு கிலோமீட்டர் நடந்தால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

ஒவ்வோர் இடத்திலும் நின்று மூன்று விஷயம் எழுதுங்கள்: கரையிலிருந்து தூரம், பள்ளத்து மணலிலிருந்து தரை உயரம், இரவில் அங்கே எத்தனை பேர். பகலில் இல்லை, இரவில். தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், வயதானவர்கள் தனியாகப் படுத்திருப்பார்கள். கோழிப்பண்ணைக்குக் காவல் இருக்கும். செங்கல் சூளையிலும் மஞ்சி மில்லிலும் குடும்பத்தோடு தங்கியிருப்பார்கள். வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது, அதனால் ஊரில் கேட்டால் "அங்க யாருமே இல்லீங்க" என்று சொல்லிவிடுவார்கள். நேரில் போனால்தான் கண்ணில் படும்.

தரைப்பாலங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் பள்ளிக்கூட பஸ் எத்தனை மணிக்கு அதில் போகிறது என்று கேளுங்கள். இரண்டடி ஓடும் தண்ணீர் காரை இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு, பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்ட) வாய்க்கால் பள்ளத்தைக் கடக்கிற இடம். வாய்க்காலுக்கு அடியில் பள்ளத்துத் தண்ணீர் போகத் துவாரம் விட்டிருப்பார்கள். நம் வெள்ளம் அதில் அடங்காமல் வாய்க்கால் கரையையும் அறுத்தால் கஷ்டம் இரட்டிப்பு. கீழே இன்னொரு குட்டை இருந்தால் அதையும் எழுதுங்கள். மேல் குட்டை உடைந்து கீழ்க் குட்டையையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும், வெள்ளம் இன்னும் பெருக்கும்.

உங்கள் குடில்களையும் மறந்துவிடக் கூடாது. உல்லாசக் குளத்துக்கென்றே உள்ள சங்கடம் இது. பாசனக் குளத்துக் கரையடியில் வயல்தான் இருக்கும், ராத்திரி ஆள் இருக்காது. இங்கே நிழல் இருக்கிறது, சமதளமாக இருக்கிறது, குளிர்ச்சியாக இருக்கிறது என்று குடிலையும் கார் நிறுத்துமிடத்தையும் குழந்தைகள் ஊஞ்சலையும் கரையடியில்தான் வைக்கிறார்கள். அங்கே இருப்பவர்களுக்குத் தப்பிக்க ஆறு நிமிடம்கூடக் கிடைக்காது.

படி 5: வகுப்பைத் தீர்மானியுங்கள்

அமெரிக்காவில் மூன்று வகுப்பு வைத்திருக்கிறார்கள். உடைந்தால் உயிர் போக வாய்ப்பு உண்டு என்றால் உயர் ஆபத்து. ஒரே ஓர் உயிர் என்றாலும் அதுதான். உயிர் போகாது, ஆனால் சாலை, மின்சாரம், தொழில், சுற்றுச்சூழல் பெரிதாகக் கெடும் என்றால் நடுத்தரம். உடைமைக்காரரின் சொந்த நிலம் தவிரப் பெரிய நஷ்டம் இல்லை என்றால் குறைந்த ஆபத்து. நம் மத்திய நீர் ஆணையம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நான்கு வகுப்புகள். உயிர், உடைமை, சுற்றுச்சூழலும் பண்பாடும், அணைத் திட்டத்தின் மதிப்பு எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுகிறார்கள். பெரிய அணைக்கு அது தேவை. ஐந்தாறு மீட்டர் கரைக்கு மூன்று வகுப்பே போதும் என்பது என் அனுபவம்.

இரண்டு சூழ்நிலைகளை வைத்து யோசியுங்கள். ஒன்று, அடைமழையில் பள்ளமே பெருக்கெடுத்து ஓடும்போது உடைவது. இன்னொன்று, வெயில் காயும் நாளில், கசிவால், யாரும் எதிர்பாராமல் உடைவது. மழை நாளில் பள்ளத்தோரம் இருப்பவர்கள் கொஞ்சமாவது உஷாராக இருப்பார்கள். வெயில் நாளில் பள்ளத்து மணலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். பாசனக் குளம் சித்திரையில் வற்றிவிடும்; படகுக் குளத்தைக் கோடை விடுமுறைக்காகவே நிரப்பி வைக்கிறோம். அதனால் இரண்டாவது சூழ்நிலை இங்கே சரிபாதி முக்கியம்.

இரண்டில் எது மோசமோ அதுதான் வகுப்பு. சந்தேகம் வந்தால் மேல் வகுப்பு.

சின்னது என்று அலட்சியம் வந்தால் அமெரிக்காவின் டோக்கோவா ஊரை நினைத்துக்கொள்வேன். ஜார்ஜியா மாநிலத்தில் அங்கே கெல்லி பார்ன்ஸ் என்ற மண் அணை, உயரம் 12 மீட்டருக்குள். ஒரு காலத்தில் மின்சாரம் எடுத்தார்கள், 1957-க்குப் பிறகு வெறும் பொழுதுபோக்கு ஏரி. 1977 நவம்பர் 6 அதிகாலை இருட்டில் உடைந்தது. கீழே ஒரு கல்லூரி வளாகம். 39 பேர் இறந்தார்கள். தனியார் அணைகளில் உயர் ஆபத்துள்ளவற்றை எல்லாம் உடனே ஆய்வு செய்யச் சொல்லி அதிபர் ஜிம்மி கார்ட்டர் உத்தரவிட்டது அதற்குப் பிறகுதான்.

படி 6: கலிங்கு போதுமா என்று கணக்குப் போடுங்கள்

மண்கரைக்கு மேல் தண்ணீர் வழியவே கூடாது. கல் அணை என்றால் தாங்கும். மண்ணில் வழிந்தால் வெளிச்சரிவு அரித்து, அந்த அரிப்பு பின்னோக்கி ஏறி, சில மணி நேரத்தில் கரை அறுந்துவிடும். அதனால் வருகிற வெள்ளம் மொத்தமும் கலிங்கு, அதாவது உபரி நீர் வழிந்தோடக் கட்டிய தாழ்ந்த வழி, வழியாகப் போயாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. குளத்துக்குத் தண்ணீர் வரும் பரப்பு 200 ஹெக்டேர். மணிக்கு 75 மில்லிமீட்டர் மழை. விழுவதில் பத்துக்கு நாலு பங்கு ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 200-ஐ 75-ஆல் பெருக்கி, 0.4-ஆல் பெருக்கி, 360-ஆல் வகுத்தால் வினாடிக்கு 16.7 கன மீட்டர். கலிங்கின் மேல் 60 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் போக விட்டால், ஒரு மீட்டர் நீளக் கலிங்கு சுமார் 0.8 கன மீட்டர் கடத்தும். ஆக 21 மீட்டர் நீளக் கலிங்கு வேண்டும். அதற்கு மேல் அலைக்கும் அமுங்கலுக்கும் அரை மீட்டர் விட்டால், கலிங்கு மட்டத்திலிருந்து கரை குறைந்தது 1.1 மீட்டர் உயரமாக நிற்க வேண்டும்.

உடுமலைக் கரையில் என்ன இருந்தது தெரியுமா? இரண்டடி விட்டத்தில் இரண்டு சிமெண்ட் குழாய். இரண்டும் சேர்ந்து ஒன்றரை கன மீட்டர் கடத்தினால் அதிகம். மேலே போட்ட கணக்கில் பத்தில் ஒரு பங்கு. பழைய கலிங்கு ஒன்று இருந்ததாம். படகுத் துறைக்குப் பாதை வேண்டும் என்று மூடிவிட்டார்களாம்.

75 மில்லிமீட்டர் என்பது கணக்குக்காகச் சொன்னது. உங்கள் ஊர் மழைமானி விவரத்தை வாங்கிப் போடுங்கள். எத்தனை வருஷத்து வெள்ளம்? 7.5 முதல் 12 மீட்டர் வரை நீர் நிற்கும் சிறிய அணைக்கு நூறாண்டு வெள்ளம் என்கிறது 1985-ன் இந்தியத் தரக் குறியீடு 11223. கீழே ஆபத்து மிக அதிகம் என்றால் அதைவிடப் பெரிய வெள்ளத்தை எடுக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. நம் கரை அந்த அளவைவிடச் சிறியதுதான். ஆனால் கீழே தொட்டில் இருக்கிறதே. நூறாண்டுக்குக் குறைத்து நான் எழுதித் தருவதில்லை.

உல்லாசக் குளங்களின் கலிங்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் இரண்டு தப்புகள் உண்டு. படகுக்கு ஆழம் போதவில்லை என்று கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்குவது ஒன்று. வளர்க்கிற மீன் வெளியே போய்விடும் என்று வலை கட்டுவது இன்னொன்று. முதல் வெள்ளத்திலேயே தென்னமட்டையும் சீமைக்கருவேல முள்ளும் வந்து அந்த வலையில் அப்பிக்கொள்ளும். கலிங்கு சுவராகிவிடும்.

இதே தப்புக்குப் பெரிய விலை கொடுத்த இடம் அமெரிக்காவின் ஜான்ஸ்டவுன். பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற 72 அடி மண் அணை. கால்வாய்ப் போக்குவரத்துக்காகக் கட்டி, கைவிட்டு, கடைசியில் பிட்ஸ்பர்க் பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டை கிளப்புக்குப் போனது. ஆண்ட்ரூ கார்னகிகூட அதில் உறுப்பினர். முந்தைய உடைமைக்காரர் அடி மதகின் இரும்புக் குழாய்களைக் கழற்றி விற்றிருந்தார். கிளப் அவற்றைத் திரும்பப் போடவில்லை. குதிரை வண்டி போகக் கரை உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமல் இருக்க வழிந்தோடியில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31 அன்று மழையில் தடுப்பு குப்பையால் அடைத்துக்கொண்டது, தண்ணீர் கரை ஏறியது. 22 கிலோமீட்டர் கீழே இருந்த ஊரில் 2,209 பேர் இறந்தார்கள்.

வலையை அவிழ்க்கச் சொன்னபோது தோப்புக்காரர் யோசித்தார். இந்தக் கதையைச் சொன்னேன். அன்றைக்கே அரிவாளை எடுத்து அறுத்துவிட்டார்.

படி 7: இப்போது கரையைப் பாருங்கள்

மழைக்கு முன் ஒரு முறை, மழை முடிந்து குளம் நிறைந்திருக்கும்போது ஒரு முறை. நமக்கு வடகிழக்குப் பருவம்தான் பெரிது என்றால் புரட்டாசியிலும் தையிலும். தென்மேற்கு மழை எட்டுகிற அடிவாரம் என்றால் வைகாசியிலும் சேர்த்து.

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். பள்ளம் மேடு நிழலில் நன்றாகத் தெரியும். முதலில் கரையடியில் நடங்கள். காய்ந்த புல்லுக்கு நடுவே ஓரிடம் மட்டும் பச்சையாக இருந்தால், கோரை முளைத்திருந்தால், அங்கே கசிவு இருக்கிறது. கம்பால் குத்திப் பாருங்கள். எல்லா மண்கரையும் கொஞ்சம் கசியும், அது குற்றமில்லை. கசிகிற தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். தெளிவாக இருந்தால், வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று எழுதிவைத்துவிட்டு வரலாம். பாட்டிலை அரை மணி நேரம் அசையாமல் வைத்து, அடியில் மெல்லிய மண் படிகிறது என்றால் கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது. வெளியிலிருந்து தண்ணீர்ப் பக்கம் நோக்கி ஒரு குழாய் போல அரித்துக்கொண்டே போகும். அது தண்ணீரைத் தொட்ட பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. மதகுக் குழாய் கரைக்குள் போகிற இடத்தை ஒட்டித்தான் இது அதிகம் நடக்கும். குழாயைச் சுற்றி மண்ணை இறுக்குவது கஷ்டம் என்பதே காரணம்.

கொங்கு நாட்டுக் கரைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம்முடையது மழை மறைவுப் பூமி. குட்டைகள் இரண்டு மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் காய்ந்து கிடக்கும். 2016-ல் வடகிழக்குப் பருவம் பொய்த்து, அடுத்த ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சிப் பகுதி என்று அறிவித்தார்களே, அப்போது களிமண் கரைகளில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்ததை நானே பார்த்தேன். அடுத்த மழையில் ஒரே இரவில் குளம் நிறைந்தால் தண்ணீர் நேராக வெடிப்புக்குள் போகும். காய்ந்து கிடந்த குளத்தைப் புதுக் குளம் போலவே நினைக்க வேண்டும். மதகைத் திறந்து வைத்து, மெதுவாக, கட்டம் கட்டமாக நிரப்புங்கள். முதல் வாரம் தினமும் பாட்டில் பாருங்கள். வெடிப்பை மேலே மண் தூவி மூடாதீர்கள். அடி வரை தோண்டி, ஈரமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு இடித்து வாருங்கள்.

மரத்தைப் பற்றி எப்போதும் வாக்குவாதம் வரும். பனை வைத்த கரை நூறு வருஷம் நிற்கிறதே என்பார்கள். பனைக்குச் சல்லி வேர், தடிக்காது. அந்தக் காலக் கரையின் அகலமும் வேறு. வேம்பு, அரசு, சீமைக்கருவேலம் அப்படி இல்லை. மரம் பட்டுப்போனதும் தடித்த வேர் மக்கி, கரைக்குள் நீளமான பொந்தாக நிற்கும். சின்ன உல்லாசக் கரையில் புல்லைத் தவிர எதுவும் வேண்டாம் என்பதுதான் என் தீர்மானம். அழகுக்கு வைத்த செடி, விளக்குக் கம்பத்துக்குத் தோண்டிய குழி, கேபிளுக்கு வெட்டிய வாய்க்கால், படகுத் துறைக்கு இறங்க வெட்டிய படி, எல்லாமே கரைக்குப் போட்ட ஓட்டைதான். எலி வங்கும் நண்டு வளையும் அதே கணக்கு.

கரை உச்சியில் நீளவாக்கில் வெடிப்பு, வெளிச்சரிவில் பிறை போல ஒரு சரிவு, கரையடியில் மண் உப்பல் இருந்தால் அது கரை சறுக்கத் தொடங்கியதன் அடையாளம். அன்றைக்கே தண்ணீரைக் குறைக்கத் தொடங்குங்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

படி 8: அவசரத்துக்கு ஒரு தாள்

உயர் வகுப்பு என்றால் இது கட்டாயம். நடுத்தரத்துக்கும் இருக்கட்டும். ஒரே தாள், மதகடியிலும் அலுவலக அறையிலும் ஒட்டிவையுங்கள்.

படி 4-ல் எழுதிய ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கைபேசி எண், இரவில் எடுக்கிறவருடைய எண். மஞ்சி மில் மேஸ்திரி, சூளைக் காவல்காரர், ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, பொது அவசர உதவி 112. தரைப்பாலத்தை யார் போய் மறிப்பது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

கலங்கல் தண்ணீர் ஊற்றெடுத்து வந்தால் முதல் வேலை போன். இரண்டாவது வேலை மதகைத் திறப்பது. மூன்றாவதுதான் கரை. ஊற்றுக் கண்ணைக் களிமண் வைத்து அடைக்கக் கூடாது. அழுத்தம் கூடி வேறு இடத்தில் பீறிடும். சுற்றிலும் மணல் மூட்டை வளையம் அடுக்கி, கண்ணின் மேல் முதலில் பருமணல், அதற்கு மேல் ஜல்லி போடுங்கள். தண்ணீர் வரட்டும், மண் வரக் கூடாது. மத்தியப் பிரதேசத்தில் தார் மாவட்டத்துக் காரம் அணை 2022 ஆகஸ்டில் கசிந்தபோது, கீழ் ஊர்களைக் காலி செய்துவிட்டுப் பக்கவாட்டில் கால்வாய் வெட்டித் தண்ணீரை இறக்கினார்கள். அதே வரிசைதான் சின்னக் கரைக்கும். கரை ஏறும் நிலை வந்தால் கரையை வெட்டாதீர்கள். ஓரத்தில், இயற்கையான கெட்டித் தரையில் வழி வெட்டுங்கள்.

மதகே இல்லாத கரை என்றால் ஆறு அங்குல பிவிசி குழாயைக் கரை மேல் போட்டுத் தண்ணீர் உறிஞ்சி வெளியேறுமாறு அமைக்கலாம். ஒரு குழாய் நாளொன்றுக்கு 4,000 முதல் 5,000 கன மீட்டர் இறக்கும். நம் குளத்தின் மேல் ஒரு மீட்டர் தண்ணீர் சுமார் 20,000 கன மீட்டர். மூன்று குழாய் இருந்தால் இரண்டு நாளுக்குள் இறங்கிவிடும். குழாயை வாங்கிக் கொட்டகையில் வைத்திருங்கள். கலங்கல் வந்த பிறகு உடுமலைக் கடைக்கு ஆள் அனுப்ப நேரம் இருக்காது.

படி 9: ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி நடங்கள்

கரை மாறாவிட்டாலும் வகுப்பு மாறும். இன்றைக்குச் சோளக்காடு, மூன்று வருஷத்தில் கல் நட்டு, கொடி கட்டி, வீட்டு மனை. பல்லடம், சூலூர் பக்கமெல்லாம் அப்படித்தான் ஆயிற்று. பள்ளத்தோரம் புதிதாகக் கூரை தெரிந்தால் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டாம்.

ஒரு நோட்டுப் போட்டுத் தேதி, நீர் மட்டம், வாளி நிறைந்த வினாடி, பாட்டில் தெளிவா கலங்கலா, கலிங்கில் குப்பை உண்டா, கீழே புது ஆள் யார் என்று எழுதிவாருங்கள்.

உடுமலைத் தோப்பில் கரையடிக் குடில் ஆறையும் வடபக்க மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய கலிங்கைத் தோண்டி எடுத்து 22 மீட்டராக அகலப்படுத்தினோம். படகுத் துறைக்குப் பாதை இப்போது சுற்றித்தான் போகிறது. மஞ்சி மில்காரரிடம் பேசி, கொட்டகைகளைச் சாலை ஓரத்து மேட்டுக்குக் கொண்டுபோக ஏற்பாடாகிக்கொண்டிருக்கிறது. அது முடியும்வரை குளத்தைக் கலிங்கு மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் கீழேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பெடல் படகுகளில் இரண்டு தரையில் நிற்கின்றன.